நாயோ பூனையோ வீட்டுக்கு வருமுன்: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல்லப்பிராணி வாங்கப் போகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் குட்டியைப் பார்க்கிறார்கள். அது மடியில் ஏறி விரலைச் சப்புகிறது. அங்கேயே மனம் முடிவு செய்துவிடுகிறது. எந்த இனம், எவ்வளவு பெரிதாக வளரும், பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அப்போது எந்தப் பதில் கிடைத்தாலும் 'சமாளித்துக்கொள்ளலாம்' என்றே தோன்றும். இரண்டு மாதக் குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வர யாருக்கும் மனம் வராது. விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அதனால் நான் வலியுறுத்துவது வரிசையைத்தான். பேச வேண்டியதைப் பேசி, கேட்க வேண்டியதைக் கேட்டு, முடிவெடுத்த பிறகு குட்டியைப் பாருங்கள். பிரான்சில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அங்கே முதன்முறையாக நாயோ பூனையோ எடுப்பவர், அதன் தேவைகள் என்னவென்று அறிந்திருக்கிறேன் என ஓர் உறுதிச் சான்றில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் 7 நாள் கழித்துத்தான் பிராணி கைக்கு வரும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு வாரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

முதலில் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

ஆயுள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். சிறிய இனங்கள் 15 வயதைத் தாண்டுவதும் உண்டு. கிரேட் டேன் மாதிரி மிகப் பெரியவை 7 முதல் 10 வயதுக்குள் போய்விடும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டு இருப்பது சாதாரணம். முயல் 8 முதல் 12 ஆண்டு. பத்து வயது மகள் கேட்கிறாள் என்று நாய்க்குட்டி வாங்கினால், அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போதும் அந்த நாய் வீட்டில் இருக்கும். அப்போது அதைக் காலையில் நடக்கக் கூட்டிப் போகப் போவது நீங்கள்தான். 'குழந்தைக்குப் பொறுப்பு வரட்டும்' என்று வாங்குபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இது: பொறுப்பு பெரியவர் ஒருவருடைய பெயரில் இருக்க வேண்டும். குழந்தை உதவி செய்யலாம், அவ்வளவுதான்.

அடுத்து நேரம். நாய்க்குட்டியால் சிறுநீரை அடக்க முடிகிற நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எத்தனை மாத வயதோ அத்தனை மணி நேரம், கூட ஒரு மணி வைத்துக்கொள்ளலாம். அதாவது இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம். இரவிலும் நடுவில் எழுந்து வெளியே கூட்டிப் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவர்கள் என்றால் நாய்க்குட்டி உங்களுக்குச் சரிப்படாது. வளர்ந்த நாயோ, இரண்டு வளர்ந்த பூனைகளோ சரிப்படலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, வாங்கும் விலை ஒரு முறை கொடுப்பது. தீவனம், ஆண்டுதோறும் தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை, நீங்கள் வெளியூர் போகும்போது பார்த்துக்கொள்பவருக்குக் கூலி எல்லாம் தொடர்ந்து வருபவை. இவற்றுக்கு மேல் எதிர்பாராத மருத்துவச் செலவு. நாய் ஒரு துணிப்பந்தை விழுங்கிவிட்டது, குடலில் சிக்கிக்கொண்டது, இன்றே அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்னால் பணம் எங்கிருந்து வரும்? அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது காப்பீடு எடுக்க முடியாவிட்டால், இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிரச்சினை வரும் நாளில் நிற்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் விதிகளையும், உள்ளாட்சி அமைப்பில் பதிவோ உரிமமோ தேவையா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வாமை. பூனை ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கும் ஒரு புரதம்தான் முக்கியக் காரணம். பூனை உடம்பை நக்கும்போது அது முடியெங்கும் பரவி, காய்ந்து, காற்றில் கலக்கிறது. ஆகவே 'அலர்ஜியே வராத இனம்' என்று விற்பனைக்கு வருவதை நம்ப வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், பூனை வளர்க்கும் நண்பர் வீட்டில் ஒரு முறைக்கு நான்கு முறை போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதாது.

பிறந்தநாளுக்கு ஆச்சரியப் பரிசாக உயிருள்ள பிராணியைத் தர வேண்டாம். பெறுகிறவருக்கு மேலே சொன்ன எதையும் யோசிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

எந்தப் பிராணி, எந்த இனம்

பெரும்பாலான நாய் இனங்கள் ஏதோ ஒரு வேலைக்காக உருவானவை. பார்டர் காலி நாள் முழுக்க ஆட்டு மந்தையைச் சுற்றி ஓடுவதற்கு. ஹஸ்கி பனியில் சறுக்குவண்டி இழுப்பதற்கு. அதன் இரட்டை அடுக்கு முடி குளிருக்கு ஏற்றது, வெயில் நாட்டில் அதற்கு அவஸ்தைதான். பீகிள் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் ஊளையிட்டுச் சொல்வதற்கு. அந்த வேலை இல்லாதபோது அதே வேகம் சோபாவைக் கிழிப்பதிலும் ஓயாமல் குரைப்பதிலும் போய் முடியும். நாய் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். அது தன் இயல்பைத்தான் செய்கிறது. நிறத்தையும் அழகையும் பார்க்கும் முன், இந்த இனத்தை எதற்காக வளர்த்தார்கள் என்று தேடிப் படியுங்கள்.

சில இனங்களில் நாம் அழகென்று ரசிப்பதே அந்த உயிருக்கு நோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முக நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் தன் உடல் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. மண்டை எலும்பைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கியவர்கள் உள்ளே இருக்கும் சதையைக் குட்டையாக்கவில்லை. மேல் அண்ணத்தின் மென்சதை நீண்டு தொண்டையை அடைக்கிறது, மூக்குத் துளைகள் ஒரு கோடு போலச் சுருங்கியிருக்கின்றன. படுத்ததும் கேட்கும் அந்தக் குறட்டையை ரசித்துக் காணொளி எடுக்கிறோம். மூச்சுக்காற்று போக வழியில்லாமல் வரும் சத்தம் அது. வெயிலில் கொஞ்சம் ஓடினாலே மயங்கி விழுந்து இறந்துபோகிற நாய்கள் உண்டு. நெதர்லாந்தில் மூக்கு அளவுக்கு மீறிக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்யவே தடை இருக்கிறது. பூனைகளில் ஸ்காட்டிஷ் ஃபோல்ட். அதன் காது மடிந்திருப்பதற்குக் காரணமான அதே மரபணுக் குறை உடம்பெங்கும் குருத்தெலும்பைப் பாதிக்கிறது. வால் விறைத்து, கால் மூட்டுகள் வீங்கி, வலியைத் தாங்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பூனையைச் 'சாது' என்கிறார்கள். கைக்குள் அடங்கும் 'டீகப்' நாய்க்குட்டிகளும் இந்த வகைதான். சட்டென்று ரத்தச் சர்க்கரை குறையும், சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். இவற்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வைத்தியம் பார்ப்பது நல்ல காரியம். காசு கொடுத்து வாங்குவது இன்னொரு ஈற்றுக்கு ஆர்டர் கொடுப்பதாகும்.

கலப்பின நாய்களைப் பலர் ஒதுக்குகிறார்கள். நான் முதலில் பரிந்துரைப்பது அவற்றைத்தான். நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வரும் குறைகள் அவற்றில் குறைவு.

முயலைக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பிராணி என்று நினைத்து வாங்குகிறார்கள். தூக்கினாலே அதற்குப் பயம்; திமிறும்போது முதுகெலும்பு முறிந்துவிடலாம். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அவை தேய உலர்ந்த புல் எப்போதும் கிடைக்க வேண்டும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். முயல் அரை நாள் சாப்பிடவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் அதைத் தனியாக ஒன்று மட்டும் வளர்ப்பது சட்டப்படியே குற்றம்.

பறவைகள், ஆமைகள் விஷயத்தில் முதல் கேள்வி சட்டம். காட்டிலிருந்து பிடித்த கிளிகளும் மைனாக்களும் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. பல நாடுகளில் உள்நாட்டுப் பறவைகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2016-லும், இந்திய நட்சத்திர ஆமை 2019-லும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஆவணம் இல்லாமல் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது, உங்களுக்குப் பின் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். சிவப்புக் காது ஆமையை நாணய அளவில் வாங்குவார்கள். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20 ஆண்டுக்கு மேல் இருக்கும், புற ஊதா விளக்கும் பெரிய தொட்டியும் கேட்கும். பிறகு ஏரியில் கொண்டு போய் விடுவார்கள். அங்கே அது உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டி ஆமைகளிடமிருந்து குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமி தொற்றுவதால், அமெரிக்காவில் 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை விற்பதை 1975-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மீன் என்றால் ஒரே ஒரு விஷயம். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்கு முன் விட்ட மீன்கள் தெளிந்த தண்ணீரிலேயே நஞ்சேறி இறக்கும்.

தத்தெடுப்பது

முடிந்தால் இங்கிருந்தே தொடங்குங்கள். காப்பகத்தில் குட்டிகள் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. முதல்முறை வளர்ப்பவருக்கு இரண்டு மூன்று வயது நாய் எவ்வளவோ எளிது. எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்வி இல்லை, குணம் தெரிந்துவிட்டது, பல் முளைக்கும்போது எல்லாவற்றையும் கடிக்கிற காலமும் முடிந்துவிட்டது. 'பெரிய நாய் நம்மிடம் ஒட்டாது' என்ற பயம் வேண்டாம். ஒட்டும், கொஞ்சம் நாள் எடுக்கும்.

ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கூண்டுக்குள் கத்திக் குதிக்கும் நாய் வெளியே வந்து பத்து நிமிடம் நடந்ததும் வேறு நாயாக இருக்கும். கூண்டு மூலையில் சுருண்டிருந்த பூனை ஆளரவம் அடங்கியதும் எழுந்து வந்து காலில் உரசும். வெவ்வேறு நேரத்தில் இரண்டு முறையாவது போங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் வர வேண்டும். பராமரிப்பவரிடம் கேளுங்கள்: எப்படி இங்கே வந்தது? குழந்தைகளோடு இருந்திருக்கிறதா? தனியாக விட்டால் என்ன செய்யும்? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா? என்ன மருந்து கொடுத்தீர்கள்? நல்ல காப்பகம் குறைகளை மறைக்காது. உங்களையும் நிறையக் கேட்கும். வீட்டைப் பார்க்க வருவார்கள், கருத்தடை செய்வதாக எழுதி வாங்குவார்கள், வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்பார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபப்பட வேண்டாம். அந்த நாயை ஏற்கெனவே ஒருவர் கைவிட்டிருக்கிறார்.

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வருவதும் தத்துதான். ஆனால் கிடந்ததா, தாய் விட்டுவிட்டுப் போயிருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். பூனை இரை தேடப் போகும்போது குட்டிகளை மறைவில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் வராமல் இருக்கும். குட்டிகள் சூடாக, அமைதியாக, வயிறு நிறைந்து தூங்கினால் தள்ளி நின்று காத்திருங்கள். குளிர்ந்துபோய் இடைவிடாமல் கத்தினால்தான் உதவி தேவை. வளர்ந்த பிராணி என்றால் யாருடையதோ தொலைந்ததாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் அறிவியுங்கள். வீட்டில் ஏற்கெனவே பிராணி இருந்தால் புதியதை 14 நாள் தனி அறையில் வையுங்கள். நாய்க்குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய பிறகு அறிகுறி தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். பிராந்தினாலோ கடித்தாலோ அந்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியில்லை என்பதால் இதில் தாமதம் கூடாது.

விலைக்கு வாங்குவதானால்

லூசி என்ற நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனப் பெண் நாய். 2013-ல் வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டது. கூண்டுக்குள்ளேயே வைத்து ஈற்று ஈற்றாகக் குட்டி போட வைத்ததில் இடுப்பு மூட்டுகள் ஒட்டி, முதுகு வளைந்து போயிருந்தது. அதன் குட்டிகளைக் கடையிலோ இடைத்தரகரிடமோ வாங்கியவர்கள் தாயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு அந்த நாயின் பெயர்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எந்த நாட்டில் இருந்தாலும் இதையே உங்கள் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடத்தில், தாயோடு, கூடப்பிறந்த குட்டிகளோடு பார்க்க முடியாத குட்டியை வாங்க வேண்டாம். தாயைப் பற்றிக் கேட்டால் வரும் சாக்குகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஊருக்குப் போயிருக்கிறது, ஆளைப் பார்த்தால் கடிக்கும், மருத்துவரிடம் இருக்கிறது. 'நீங்கள் ஏன் அலைய வேண்டும், பாதி வழியில் கொண்டு வந்து தருகிறேன்' என்பதும் இதில் சேரும். சரி, தாயைக் காட்டினார் என்றால் அது உண்மையில் தாய்தானா என்று பாருங்கள். பால்காம்புகள் வீங்கியிருக்கும். குட்டிகள் ஓடிப்போய் அதை மொய்க்கும். நாய் அறிமுகமில்லாத குட்டியைப் பார்ப்பதுபோல விலகிப் போனால் புரிந்துகொள்ளுங்கள். தாயின் குணத்தையும் கவனியுங்கள், பயந்து நடுங்கும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் பயந்த சுபாவமாகவே இருக்கும்.

வயது அடுத்தது. நாய்க்குட்டி 8 வாரத்துக்கு முன் தாயைப் பிரியக் கூடாது. பூனைக்குட்டிக்கு 12 வாரம் நல்லது. கூடப்பிறந்தவற்றோடு உருண்டு விளையாடும்போது பல் அழுத்தமாகப் பட்டால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடியின் அளவு எவ்வளவு என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது. '35 நாள் குட்டி, இப்போதே எடுத்துக்கொண்டால்தான் உங்களிடம் ஒட்டும்' என்று சொல்லும் ப்ரீடரிடமிருந்து (இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவர்) எழுந்து வந்துவிடுங்கள்.

'எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு' என்பது இன்னொரு பேச்சு. இரண்டு மாதக் குட்டிக்கு எல்லாத் தடுப்பூசியும் முடிந்திருக்க வழியே இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து பிரித்து ஒட்டிய லேபிள், தேதி, மருத்துவரின் கையெழுத்து இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய பெயர் மட்டும் இருந்தால் அந்த மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

வம்சாவளிச் சான்றிதழ் தாய் தந்தை யாரென்று சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் தாய் தந்தையின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள். திட்டுத்திட்டான 'மெர்ல்' நிறம் என்றால் பெற்றோர் இரண்டும் அதே நிறமா என்று கேளுங்கள். இரண்டும் மெர்ல் என்றால் குட்டிகளில் சில செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். பத்து இனம் விற்கிறவர், வருடம் முழுக்கக் குட்டி கையிருப்பு உள்ளவர், படத்தை அனுப்பி முன்பணம் கேட்கிறவர் யாரும் வேண்டாம். நல்ல ப்ரீடரிடம் பெரும்பாலும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போன இடத்தில் கூண்டு நாறுகிறது, ஒரு குட்டி மூலையில் சுருண்டு கிடக்கிறது. 'பாவம், இதையாவது காப்பாற்றுவோம்' என்று வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த காசு அந்தத் தாயை அடுத்த முறையும் சினையாக்கும். காலியான கூண்டில் அடுத்த மாதம் வேறு குட்டி இருக்கும். இடத்தின் முகவரி, தேதி, முடிந்தால் படம், இவற்றோடு விலங்கு நல அமைப்பிடமோ காவல் துறையிடமோ புகார் கொடுங்கள். வெறுங்கையோடு திரும்பி வருவது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்குமாகச் செய்யக்கூடியது அதுதான்.

குட்டியை நேரில் பார்க்கும்போது

எதையும் தூக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். துள்ளி வந்து உங்கள் காலணிக் கயிற்றைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம், கடைசிவரை ஒளிந்தே இருப்பதும் வேண்டாம். முதல்முறை வளர்ப்பவருக்கு நடுவில் இருக்கும் குட்டியே நல்லது. பின்பக்கம் போய்ச் சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். திடுக்கிட்டுவிட்டு, பிறகு மோந்து பார்க்க வந்தால் காதும் சரி, மனமும் சரி.

அப்புறம் கையில் எடுங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறிய ஈறு ரத்தசோகை. குட்டிகளில் பெரும்பாலும் குடற்புழுவோ தெள்ளுப்பூச்சியோ காரணம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தாலும் புழுதான். வால் அடியில் மலம் ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு. முதுகு முடியை விலக்கிப் பார்த்தால் கரும்பொடி தெரிகிறதா? ஈரமான வெள்ளைக் காகிதத்தில் அதைத் தட்டுங்கள். பொடியைச் சுற்றி செம்பழுப்பு வளையம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது குட்டியின் ரத்தம். இவை எல்லாமே வைத்தியம் பார்க்கக் கூடியவைதான். விற்பவர் அவற்றைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

பறவை என்றால், உப்பிய இறகோடு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருப்பதை எடுக்காதீர்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது.

வீட்டுக்கு வரும் நாளும் முதல் வாரமும்

குட்டி வருவதற்கு முன்பே வீட்டைச் சரி செய்துவிடுங்கள். தரையோடு ஓடும் மின்கம்பிகள், மூடியில்லாத குப்பைத் தொட்டி, கம்பி இடைவெளி அகலமான பால்கனி. மாடியில் பூனை வளர்த்தால் சன்னலுக்கு வலை கட்டாயம். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சர்க்கரையில்லாச் சுயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இவை நாய்க்கு நஞ்சு. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். கூண்டுப் பறவை இருக்கும் வீட்டில் ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டால் அந்தப் புகையில் பறவை நிமிடங்களில் இறந்துவிடும்.

வார விடுமுறை தொடங்கும் நாளில் கூட்டி வாருங்கள். இதுவரை என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரத்துக்குக் கொடுங்கள். பிறகு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். முதல் நாளே வயிறு கெட்டால் நோயா, உணவு மாற்றமா என்றே தெரியாது. உறவினர்களை வரவழைத்துக் காட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். பூனைக்கு ஒரு சிறிய அறை, அதில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, தண்ணீர், தூரமாக மலம் கழிக்கும் தட்டு. கட்டிலுக்கடியில் போய்விட்டால் இழுக்காதீர்கள், தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை என்றால் மட்டும் மருத்துவரை அழையுங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும்.

தத்து கொடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகும். முதல் வாரத்தில் 'இந்த நாய் சரியில்லை' என்று தீர்மானிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மல மாதிரியையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். குடற்புழு மருந்து எடை பார்த்துத் தர வேண்டியது, அதனால் கடையில் கேட்டு நீங்களே கொடுக்காதீர்கள். மைக்ரோசிப் பொருத்துவதென்றால் அதோடு வேலை முடிந்துவிடாது. அந்த 15 இலக்க எண்ணோடு உங்கள் தொலைபேசி எண்ணைப் பதிவு செய்தால்தான் பயன்.

தடுப்பூசித் தொடர் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் 3-ஆம் வாரத்திலிருந்து 14-ஆம் வாரம் வரைதான், பூனைக்கு 7-ஆம் வாரத்தோடு பெரும்பகுதி முடிந்துவிடும். ஆகவே மற்ற நாய்கள் நடமாடும் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பேருந்துச் சத்தம், குடை, ஹெல்மெட் போட்டவர், சக்கர நாற்காலி, குழந்தைகளின் கூச்சல் எல்லாவற்றையும் அது உங்கள் கையிலிருந்தபடி பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, அமைதியான பெரிய நாய் உள்ள நண்பர் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள். பூனை 4 மாதத்திலேயே சினையாகக் கூடும். நாய்களில் சிறிய இனத்துக்கு ஆறு மாத வாக்கிலும், பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகும் செய்யச் சொல்வார்கள். உங்கள் நாய்க்கு எப்போது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால்

இவ்வளவு யோசித்த பிறகும் வேலை போகலாம், உடல்நிலை மோசமாகலாம், நாடு மாற வேண்டி வரலாம். அப்போது தெருவில் விடுவதும், ஊருக்கு வெளியே கொண்டு போய் இறக்கிவிடுவதும் பிராணிக்கு மரணம். பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமும்கூட. முதலில் வாங்கிய ப்ரீடரிடமோ தத்துக் கொடுத்த காப்பகத்திடமோ பேசுங்கள். குட்டியை எடுக்கும்போதே 'திரும்ப ஏற்றுக்கொள்வோம்' என்று எழுதி வாங்கியிருந்தால் அது இப்போது உதவும். நேரடியாக இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதென்றால், மேலே காப்பகம் உங்களைக் கேட்ட கேள்விகளை எல்லாம் நீங்கள் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அதன் பயங்கள், கெட்ட பழக்கங்கள், சாப்பாட்டு நேரம், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். மைக்ரோசிப் பதிவில் புதியவரின் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை அழைத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.